புதுப்பிப்பு: குமுளி ஏற்றத்தில் டூ ஸ்ட்ரோக் பைக் திணறியது சரியாகிவிட்டது
கம்பத்தில் சுத்தமாக ஓடும் என் டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக், குமுளி மேடு ஏறினால் பாதி த்ராட்டிலில் படபடத்துத் திணறுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மேலே காற்று மெலிவதால் பெட்ரோல் அதிகமாகிவிடுகிறது, அதனால் முதலில் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை; எண் குறைந்தால் துளை சிறிது) 175-லிருந்து 170-க்கு இறக்கினேன். முழு த்ராட்டிலில் நன்றாக இழுத்தது, ஆனால் பாதியில் அதே திணறல், பிளக் முனையும் கரி படிந்து ஈரமாகவே இருந்தது, அதாவது பெட்ரோல் இன்னும் அதிகம். பாதி த்ராட்டிலில் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை மாற்றச் சொன்னாரே ஒருவர், அதுதான் பலித்தது: மேலிருந்து மூன்றாவது பள்ளத்தில் இருந்ததை இரண்டாவதுக்கு ஏற்றினேன், ஊசி இறங்கி பெட்ரோல் குறைந்தது, திணறல் போயே போச்சு.

எதிர்பாராதது, அதே செட்டிங்கில் கீழே கம்பத்தில் ஓட்டியதும் பெட்ரோல் போதாமல் பிளக் வெளுத்துவிட்டது. அப்படியே விட்டால் சூடேறி பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும், அதனால் இறங்கியதும் ஜெட், கிளிப் இரண்டையும் பழையபடி மாற்றிவிடுகிறேன்.