பாம்புக்குக் காது இருக்கா, இல்லையா?

கரிசல்காட்டான்: நேத்து வேறொரு இழையில் ஒரு மேதாவி, "பாம்புக்குக் காதே கிடையாது, பக்கத்துல வெடி போட்டாலும் கேட்காது"ன்னு அடிச்சு விட்டிருக்கார். அதுக்கு லைக் மழை வேற. ஐயா, வெளிக்காதும் செவிப்பறையும்தான் கிடையாது. உட்காது இருக்கு. தாடை எலும்போட ஒட்டி மெல்லிசா ஒரு எலும்புத்தண்டு அதுக்குப் போகுது.

பகல்நிலா: அந்த மேதாவி நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம். செவிப்பறை இல்லைன்னு நீங்களே எழுதிட்டீங்க, அப்புறம் என்ன கேட்குறது? தரை அதிருது, தாடைக்குத் தெரியுது. மகுடிக்கு ஆடுதுன்னு நம்புற கூட்டம் திருந்தாது.

கரிசல்காட்டான்: மகுடியை நான் எங்க இழுத்தேன்? பிடாரன் குழலை ஆட்டுறதைப் பார்த்துத்தான் அது ஆடுது. முஷ்டியை மடக்கி முன்னால அசைச்சாலே நல்லபாம்பு படமெடுத்து அந்தப் பக்கமே சாயும். அது வேற கதை. உட்காது இருக்கு. 2023ல ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வு: 19 பாம்பு, ஒலிபுகா அறை. தரை அதிராம காத்துல மட்டும் சத்தம் விட்டும் பார்த்தாங்க. தைப்பான்ங்கிற விஷப்பாம்பு விலகிப் போச்சு, வோமா மலைப்பாம்பு சத்தம் வந்த பக்கமே போச்சு. அங்க தாடை எங்க வந்துச்சு?

பகல்நிலா: மண்டை ஓடு வந்துச்சு. காத்துல வர்ற சத்தத்துக்கு மண்டையே அதிரும்னு ராயல் பைத்தான்ங்கிற மலைப்பாம்பை வச்சு 2012ல செஞ்ச ஆய்வுல இருக்கு. அதிர்வு சார், அதிர்வு! செவிப்பறை எங்கே?

முல்லைக்கொடி: எங்க வீட்டு விறகடுக்குல அடிக்கடி பாம்பு வரும். அம்மா கம்பால நாலு தட்டுத் தட்டிட்டுத்தான் கட்டையை உருவுவாங்க. சரசரன்னு நழுவிடும். காதோ தாடையோ, தட்டினா போகுதுல்ல?

பகல்நிலா: பாருங்க, தட்டினா! கூப்பிட்டா இல்ல.

கரிசல்காட்டான்: உட்காது இருக்குங்கிறதுக்கு இதுவரை பதில் வரலை. செடிக்குப் பாட்டுப் போட்டா காய் பெருக்கும்னு போன வருஷம் எழுதினவர்தானே நீங்க? கத்தரிக்காய்க்குக் கேட்கும், பாம்புக்குக் கேட்காதா?

பகல்நிலா: அந்த இழையை இன்னுமா சுமந்துட்டுத் திரியுறீங்க?

தறிநாடா: ரெண்டு பேரும் மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலிக்குப் போங்க. 1978ல தொடங்கின இருளர் கூட்டுறவுச் சங்கத்துல பாம்பு பிடிச்சு விஷம் எடுக்குறாங்க. அவங்ககிட்ட கேளுங்க.

கரிசல்காட்டான்: நான் போயிருக்கேன். நீங்க போனீங்களா?

தறிநாடா: கேட்டா கோபமா? அண்ணே, உங்க முகப்புப் படத்துல "நம்ம வீட்டு நாகம்"னு போட்டிருக்கீங்களே, அது சாரை.

கரிசல்காட்டான்: நாகம்தான். படம் எடுக்காத நேரத்துல எடுத்த போட்டோ.

பகல்நிலா: ஹாஹா. சாரையேதான். கண்ணைப் பாருங்க, எவ்வளவு பெரிசு!

கரிசல்காட்டான்: செவிப்பறையை விட்டுட்டுக் கண்ணுக்கு வந்தாச்சா? இருங்க, முழுப் படத்தையும் ஏத்துறேன்.