மகள் பள்ளிக்குப் போக அஞ்சுகிறாள்: தென்னாப்பிரிக்காவில் வீட்டிலேயே படிக்க வைக்க முடியுமா?

கேட்டவர் (ஜோகன்னஸ்பர்க் பக்கம்)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து இங்கே வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. மூன்று வாரங்களாக என் மகள் பள்ளிக்குப் போகவில்லை. காலையில் எழுப்பியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்கிறாள்; நான் கார் சாவியைக் கையில் எடுத்தாலே அவளுக்கு மூச்சு வாங்குகிறது. ஞாயிறு மாலையிலிருந்தே சாப்பாடு இறங்குவதில்லை. ஒரு நாள் என் கணவர் வற்புறுத்தி அழைத்துச் சென்றபோது, பள்ளி வாசலில் காரைவிட்டு இறங்காமல் நாற்பது நிமிடங்கள் அழுதிருக்கிறாள். தொடர்ந்து வராததற்குத் திங்கட்கிழமைக்குள் விளக்கம் தரும்படி பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பேசாமல் அவளை நிறுத்திவிட்டு ஹோம் ஸ்கூலிங் ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறேன். எந்தப் பாடத்திட்டம் நல்லது, மாதம் எவ்வளவு செலவாகும் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

செஞ்சூரியனிலிருந்து ஒரு தந்தை

சகோதரி, அவசரப்படாதீர்கள். நாங்கள் ஒரு ஜூலை மாதத்தில் வந்து இறங்கினோம். ஜூலையில் இங்கே கடுங்குளிர் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வீட்டில் ஹீட்டர் இல்லை, கார் இல்லை, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. என் மகனும் இரண்டு மாதங்கள் தினமும் அழுதான். நாங்கள் விட்டுக்கொடுக்காமல் அனுப்பிக்கொண்டே இருந்தோம். இன்று அவன் பள்ளிக் கிரிக்கெட் அணியில் விளையாடுகிறான். பிள்ளைகள் பழகிவிடுவார்கள் என்பதுதான் என் அனுபவம்.

கேப் டவுனிலிருந்து ஒரு தாய்

மேலே எழுதிய அண்ணா மன்னிக்க வேண்டும், எல்லாப் பிள்ளைகளும் பழகிவிடுவதில்லை. நாங்களும் அப்படியே ஓராண்டு தள்ளினோம். அதற்குள் என் மகன் எங்களிடம் பேசுவதையே நிறுத்திவிட்டான். பிறகு கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் வீட்டிலிருந்தே இணையவழியாகப் படிக்க வைத்தோம். ஆறு மாதங்களில் அவன் முகத்தில் பழைய சிரிப்பைப் பார்த்தேன். தயங்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். எங்கள் பகுதியில் மின்வெட்டு கடுமையாக இருந்த 2023-இல்கூட இன்வெர்ட்டர் வைத்துக்கொண்டு சமாளித்தோம்.

பைன்டவுனிலிருந்து ஒருவர்

முதலில் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்றுதான் சொல்ல வந்தேன். ஆனால் அதுவும் இங்கே எளிதல்ல. மெடிக்கல் எய்டில் (மாதச் சந்தா கட்டும் தனியார் மருத்துவக் காப்பீடு) சேர்ந்ததும் மூன்று மாதங்கள் வரை பொதுக் காத்திருப்பு விதிக்கலாம், ஏற்கெனவே இருக்கும் நோய் என்று கருதினால் அதற்கு மட்டும் பன்னிரண்டு மாதங்கள் வரை காத்திருக்க வைக்கலாம். என் மனைவிக்கு அப்படித்தான் நடந்தது. மாதாமாதம் சந்தா கட்டிக்கொண்டே, ஒவ்வொரு சந்திப்புக்கும் கைப்பணம் கொடுத்தோம்.

மிட்ராண்டிலிருந்து ஒரு தாய்

காத்திருப்பைவிடத் தனிமைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஊரில் நம் பிள்ளை சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய்வருவாள். அத்தை வீடு, டியூஷன், கோவில் என்று நாளுக்குப் பத்துப் பேரின் முகமாவது பார்ப்பாள். இங்கே மின்வேலி போட்ட வளாகத்துக்குள் வீடு, அங்கிருந்து காரில் பள்ளி, மறுபடியும் வீடு. இருக்கிற பள்ளியையும் நிறுத்திவிட்டால் அந்தக் குழந்தை யாரைப் பார்த்துப் பேசும்? வந்த புதிதில் நானே பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை

அம்மா, எல்லோரும் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் சில விவரங்கள் தெரியாமல் பதில் சொல்வது ஆபத்து. மகளுக்கு என்ன வயது, எந்த வகுப்பு? அவளுடைய விசா எந்த வகை? எந்த மாகாணத்தில் வசிக்கிறீர்கள்? பள்ளி என்றாலே அச்சமா, இல்லை பள்ளியில் ஏதோ ஒன்றைக் கண்டு அச்சமா? அவள் சாவைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியோ பேசியிருந்தால் மற்றதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி அமைப்பான சைல்ட்லைனின் 116 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

கேட்டவர்

டீச்சர், நன்றி. அப்படி எதுவும் பேசவில்லை; நேரடியாகக் கேட்டும் பார்த்துவிட்டேன். வயது 14, ஒன்பதாம் வகுப்பு. கௌடெங் மாகாணம். பள்ளியின் பெயர் போட்ட படிப்பு விசா. நேற்றிரவு விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டபோதுதான் சொன்னாள். செவ்வாய்க்கிழமை ஆங்கில வகுப்பில் எல்லோர் முன்னும் நின்று பேச வேண்டும்; அதற்கு மதிப்பெண் உண்டு. முதல்முறை பேசியபோது அவளுடைய உச்சரிப்பை நான்கு பேர் திருப்பிச் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். ஆசிரியரும் சிரித்திருக்கிறார். இத்தனை நாளும் அதை யாரிடமும் சொல்லவில்லை.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை

அவள் அதைச் சொன்னதே பெரிய முன்னேற்றம் அம்மா. வகுப்பறையில் இருந்த ஒருத்தியாக எழுதுகிறேன்: ஒரு குழந்தை தடுமாறும்போது ஆசிரியர் சிரிப்பது மன்னிக்க முடியாத தவறு, அதை எழுத்தில் புகாராகக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

இப்போது சட்டத்தைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு முடியும்வரை பள்ளிக்கல்வி இங்கே கட்டாயம். 2024-இல் நிறைவேறிய பேலா சட்டத்தின்படி (அடிப்படைக் கல்விச் சட்டங்களின் திருத்தம்), தகுந்த காரணமின்றிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்குப் பன்னிரண்டு மாதங்கள் வரை சிறைத்தண்டனைகூட விதிக்கலாம். ஆகவே விண்ணப்பிக்காமல் நிறுத்திவிட்டு வீட்டில் பாடம் நடத்துவது கூடாது. வீட்டுக்கல்விக்கு மாகாணக் கல்வித்துறையின் தலைவரிடம் விண்ணப்பித்துப் பதிவு பெற வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கையையும் தர வேண்டும். உங்கள் மகளின் கட்டம் ஏழு முதல் ஒன்பது வரை என்பதால், இந்த ஆண்டின் முடிவிலேயே அந்த அறிக்கை தேவைப்படும். பள்ளி ஆண்டு டிசம்பரில் முடிந்துவிடுகிறது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் விசா. குறிப்பிட்ட பள்ளியில் படிப்பதற்கென்றுதான் அந்த விசாவைக் கொடுத்திருக்கிறார்கள். பெயரை நீக்கினால் அதை உள்துறைக்குத் தெரிவிக்கப் பள்ளி கடமைப்பட்டது. எனவே குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் பள்ளியிலிருந்து விலகல் கடிதம் கொடுத்துவிடாதீர்கள்.

மேடையேறிப் பேசுவதுதான் அச்சமென்றால் வீட்டுக்கல்வி அதிலிருந்து முழுமையாகத் தப்பிக்க வைக்காது. பத்தாம் வகுப்பிலிருந்து தேசிய மேல்நிலைச் சான்றிதழுக்கு (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் பெறுவது) வீட்டிலிருந்து படித்தாலும், ஐஇபி அல்லது சாக்காய் தேர்வு அமைப்போடு இணைந்த ஒரு நிறுவனத்தின் வழியாகத்தான் எழுத வேண்டும். பெரும்பாலான பாடங்களில் இறுதி மதிப்பெண்ணில் 25 விழுக்காடு ஆண்டு முழுவதும் செய்யும் பணிகளுக்கு உரியது. மொழிப்பாடத்தில் வாய்மொழிப் பேச்சும் உண்டு. கேப் டவுன் சகோதரி சொன்ன கேம்பிரிட்ஜ் வழியில் அந்தச் சுமை குறைவு, ஆனால் தேர்வுக் கட்டணத்தைப் பாடவாரியாகக் கட்ட வேண்டும், பல்கலைக்கழகச் சேர்க்கைக்குரிய பாடத் தேர்வையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் இருக்கிற பள்ளியிலேயே உதவியைக் கேட்டுப் பார்ப்பேன். உதவி தேவைப்படும் மாணவர்களைக் கண்டறிந்து ஆதரிக்க வேண்டும் என்று 2014 முதல் தேசியக் கொள்கையே இருக்கிறது. அதற்காகப் பள்ளியில் ஆதரவுக் குழு ஒன்று இருக்க வேண்டும். அந்தக் குழுவைக் கூட்டும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். ஆங்கில வாய்மொழித் தேர்வை வகுப்பின் முன் வைக்காமல் வேறோர் ஆசிரியர் முன் தனியாக நடத்தும்படி கேளுங்கள். முதல் வாரம் இரண்டு பாடவேளைகள், அடுத்த வாரம் அரைநாள் என்று மெல்ல மெல்லத் திரும்ப அனுமதி கேளுங்கள். அச்சம் கொண்ட பிள்ளைக்கு அச்சமூட்டும் இடத்தைத் தவிர்ப்பது அந்த நேரத்துக்கு நிம்மதி தரும், ஆனால் தவிர்க்கத் தவிர்க்க அச்சம் வளரும். ஒரேயடியாகத் தள்ளிவிடுவதும் பலன் தராது, செஞ்சூரியன் தம்பி கோபிக்க வேண்டாம்.

கேப் டவுன் தாய்

நான் எடுத்தவுடன் வெளியே எடுத்துவிடுங்கள் என்று எழுதியது தவறு. எங்களுக்கு நிரந்தர வதிவுரிமை இருந்தது, மகனும் அப்போது பத்தாம் வகுப்பில் இருந்தான். இரண்டையும் குறிப்பிட மறந்துவிட்டேன்.

கேட்டவர்

திங்கட்கிழமைக்குள் பதில் கொடுக்க வேண்டுமே டீச்சர். மனநல நிபுணரிடம் முன்பதிவு மூன்று வாரங்களுக்குப் பிறகுதான் கிடைத்திருக்கிறது. வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரின் கடிதம் போதுமா?

சாட்ஸ்வொர்த் ஆசிரியை

முதல் பதிலுக்கு அது போதும். அச்சத்தால் வரும் வயிற்றுவலியையும் மூச்சுத்திணறலையும் எந்த நாளிலிருந்து கவனித்தீர்கள் என்று தேதியோடு மருத்துவரிடம் சொல்லி எழுதி வாங்குங்கள். அதோடு நிபுணரின் முன்பதிவுச் சீட்டையும் இணைத்து, வகுப்பு ஆசிரியருக்கு அனுப்பாமல் நேராக முதல்வருக்கே அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் அந்தக் கடிதத்தை மகளிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள்.