வீட்டு பிளான்: சோபாவிலிருந்து கட்டில் தெரியுதா?

மதி: சித்தப்பா, பிளான் அனுப்பியிருக்கேன். ஹால் முன்னாடி, பெட்ரூம் ரெண்டும் பின்னாடி. வர்றவங்க புழங்குற இடமும் நம்ம இடமும் பிரிஞ்சிருக்கு இல்ல?

சித்தப்பா: பின்னாடி தள்ளினா மட்டும் மறைவு வந்துடாதும்மா. வாசல் கதவு நடுவுல ஸ்கேலை வெச்சு, பெட்ரூம் கதவோட ரெண்டு நிலைக்கால் ஓரமா உள்ளே கோடு இழு. அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கிறது எல்லாம் வெளியே தெரியும். சோபாவிலிருந்தும் இழு. வாசல்ல ஒரு நிமிஷம் நிக்கிறவங்க, சோபாவுல ஒரு மணி நேரம் உக்காருவாங்க.

மதி: வாசல்லேர்ந்து சரியா இருக்கு. சோபாவிலிருந்து பாதிக் கட்டில் மாட்டுது 😟

சித்தப்பா: பெட்ரூம் கதவை 2 அடி அலமாரிப் பக்கம் தள்ளிட்டு மறுபடி கோடு இழுத்துப் பாரு.

கவிதா அக்கா: கீலையும் பாரு மதி. கட்டில் இருக்கிற பக்கம் கீல் வந்தா, பாதி திறக்கும்போது கதவே கட்டிலை மறைச்சுக்கும். ஆனா சுவிட்ச் போர்டு எதிர்ப்பக்கம் போகணும். இல்லேன்னா கதவுக்குப் பின்னாடி கைவிட்டுத் தேடணும்.

சித்தப்பா: பொது பாத்ரூம் பெரிய தப்பு. பெட்ரூம் வாசலைத் தாண்டித்தான் போகணும் போலிருக்கே! ஹாலை ஒட்டிக் கொண்டா, ஆனா கதவு ஹாலைப் பார்க்கக் கூடாது. நடுவுல 4க்கு 4 அடி இடம் விட்டு, அங்க வாஷ்பேசின் வெச்சு, பக்கச் சுவர்ல கதவு குடு.

மாமா: டிவி சுவர் நாலரை இஞ்ச்தானே? சத்தம் பெட்ரூமுக்குப் போகும்.

கவிதா அக்கா: ஆமா மாமா. அதுல ரெண்டு பக்கமும் சுவிட்ச் பெட்டி முதுகோடு முதுகா வந்தா நடுவுல செங்கல்லே மிஞ்சாது, பேச்சு அப்படியே கேக்கும். ஒண்ணை 2 அடி தள்ளி வைங்க. பெட்ரூம் பக்கம் அந்தச் சுவர் முழுக்கத் துணி அலமாரி வந்தா இன்னும் குறையும். கதவுக்கு அடியில அரை இஞ்ச் சந்து இருந்தா இதெல்லாம் பாதி வீண், சந்தை அடைக்கிற அடிப்பட்டை போடணும்.

மதி: நடைபாதைப் பக்க ஜன்னலுக்கு, வெளியிலேர்ந்து பார்த்தா முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி தெரியற ஃபிலிம் ஒட்டினா போதுமா?

கவிதா அக்கா: பகல்ல மட்டும்தான். ராத்திரி உள்ளே லைட் போட்டா தலைகீழ், வெளியே நிக்கிறவங்களுக்கு எல்லாம் தெரியும். ஜன்னல் அடிமட்டத்தை ஐந்தரை அடிக்கு ஏத்து. இன்னொரு சுவர்ல ஆள் வெளியேற முடியற ஜன்னல் கட்டாயம், தீப்பிடிச்சா அதுதான் வழி.

மதி: கதவைத் தள்ளிட்டேன், இப்ப அலமாரிதான் தெரியுது 🙏

கவிதா அக்கா: சுவிட்ச் இடத்தையும் மாத்திட்டு புது பிளானை எலக்ட்ரீஷியனுக்கு அனுப்பு. பழசைப் பார்த்துச் சுவரை உடைச்சிடப் போறார்.