கிராக்கோவில் பார்த்த குதிரைகள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

நேரில் பார்த்து அசந்துபோன ஓவியம் எது என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. போலந்து ஓவியர் பியோத்தர் மிஹவோவ்ஸ்கி வரைந்த சொமொசியெர்ரா.

போலந்தில் கிராக்கோவுக்கு வேலைக்கு வந்து மூன்றாவது வருஷம் எனக்கு. நடுச் சதுக்கத்துப் பழைய துணிச் சந்தைக் கட்டடத்தின் மாடியில் 19ஆம் நூற்றாண்டு போலந்து ஓவியங்கள் இருக்கின்றன. யூசெஃப் ஹெவ்மோன்ஸ்கியின் நாலு குதிரை வண்டிதான் அங்கே பெயர்போனது. நானும் அதைப் பார்க்கத்தான் படியேறினேன். மிஹவோவ்ஸ்கி பெயரிலேயே இருக்கும் அறையைக் கடக்கும்போது கால் நின்றுவிட்டது.

எண்ணெய் வண்ணம்தான். ஆனால் முடித்த படம் மாதிரி இல்லை, அவசரத்தில் போட்ட உருவரை மாதிரி இருந்தது. மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போனால் அங்கே குதிரையே கிடையாது. காப்பிப் பொடி நிறத்தில் நாலைந்து இழுப்பு, ஓரிடத்தில் தடிப்பாக வெள்ளைத் தீற்று, அவ்வளவுதான். நாலு எட்டு பின்னால் வந்தால் அந்தத் தீற்றே வெயில் பட்ட பின்தொடையாகிவிடுகிறது. புகைக்குள், மலை இடுக்கில், குதிரைகள் முட்டிமோதி மேலே ஏறுகின்றன. முகம் ஒன்றும் தெளிவில்லை. ஏறுகிற பாரம் மட்டும் நம் முழங்காலிலேயே தெரிகிறது.

நான் முன்னும் பின்னுமாக நடப்பதைக் காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மா கவனித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எழுந்து வந்து, தரையில் ஓர் இடத்தைக் காட்டி, அங்கே நில் என்று கையாலேயே சொன்னார். உண்மையிலேயே அதுதான் சரியான இடம்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1808 நவம்பர் 30 அன்று ஸ்பெயினில் மாட்ரிட் போகும் வழியிலிருந்த சொமொசியெர்ரா கணவாயில், 16 பீரங்கிகளுக்கு எதிரே, நெப்போலியன் படையின் போலந்துக் குதிரை வீரர்கள் ஏறிப் பாய்ந்த சம்பவம் அது. அன்று மிஹவோவ்ஸ்கிக்கு எட்டு வயது. சண்டையை அவர் பார்த்ததே இல்லை, ஆனாலும் திரும்பத் திரும்ப அதை வரைந்திருக்கிறார். அரசாங்க இரும்பாலைகளை நிர்வகித்தவர் அவர். 1830இல் ரஷ்யாவுக்கு எதிராக எழுச்சி வெடித்தபோது ஆயுதத் தயாரிப்பைக் கவனித்தார். எழுச்சி தோற்றதும் பாரிஸுக்குப் போய், முப்பது வயதுக்கு மேல் ஷார்லே என்ற ஓவியரிடம் படித்தார். அங்கே பாரம் இழுக்கிற பெர்ஷெரோன் குதிரைகளை விதவிதமாக வரைந்து தள்ளியிருக்கிறார். எனக்குப் படுவது இதுதான்: சண்டையைப் பார்க்காவிட்டால் என்ன, மேட்டில் பாரம் இழுக்கும் குதிரையின் இடுப்பு எப்படி இறங்கி எழும் என்று அந்தக் கைக்கு மனப்பாடம். அவருடைய படங்கள் பலவற்றில் கையெழுத்தும் இல்லை, தேதியும் இல்லை. சொமொசியெர்ராவையே 1837 வாக்கில் என்றுதான் குறிக்கிறார்கள்.

அன்று வெளியே வந்தபோது சதுக்கத்தில் சவாரி வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. தினமும் தாண்டிப் போகிற வண்டிகள்தான். ஒரு வெள்ளைக் குதிரை பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி, குளம்பு நுனியை மட்டும் கல்லில் ஊன்றி நின்றது. மூன்று வருஷமாக இதை நான் பார்க்கவே இல்லையே என்று தொண்டை அடைத்துவிட்டது. மாதா கோவில் கோபுரத்தில் எக்காளம் ஊதி முடிகிறவரை அங்கேயே நின்றேன்.

•

நான் ஹெவ்மோன்ஸ்கி கட்சி! போன கோடையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். 1881இல் பாரிஸில் உட்கார்ந்துகொண்டு உக்ரைன் சமவெளியை வரைந்திருக்கிறார். அகலம் 6.6 மீட்டர். நாலு குதிரையும் சேற்றை வாரியடித்துக்கொண்டு நேராக நம் மேல் வருகின்றன. அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, “தள்ளி நில்லுடா, மேல ஏறிடும்” என்றார். மிஹவோவ்ஸ்கி அறையில் நாங்கள் நிற்கவே இல்லை. இப்போது மனசு உறுத்துகிறது.

•

உங்கள் அம்மா சொன்னது அப்படியே சத்தியம், அந்தப் படத்துக்கு முன்னால் எனக்கும் பின்வாங்கத்தான் தோன்றியது. மறுபடி வந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன். மிஹவோவ்ஸ்கி அறையில் அந்தக் காவல்கார அம்மா காட்டிய இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.