மழைக்கால மாதங்களில் உடற்பயிற்சி சைக்கிள், சாலையில் ஓட்டுவதற்கு ஈடாகுமா?

கேள்வி: அடையாற்றுக்காரன்

அனைவருக்கும் வணக்கம். நான் சென்னை திருவான்மியூரில் வசிக்கிறேன். வார இறுதிகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சென்று திரும்புவதும், வார நாள்களில் விடியற்காலையில் ஒரு மணி நேரம் ஓட்டுவதும் என் வழக்கம். வரும் ஜனவரியில் 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம்) ஒன்றில் கலந்துகொள்ள விரும்புகிறேன். ஆனால் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் டிசம்பர் வரை எந்த நாளில் சாலை கிடைக்கும் என்று சொல்ல முடிவதில்லை. தேங்கிய நீருக்கடியில் பள்ளம் எங்கே இருக்கிறது, வடிகால் மூடி எங்கே திறந்திருக்கிறது என்று தெரியாமல் அரையிருட்டில் ஓட்ட எனக்கு மனம் துணியவில்லை. வீட்டாருக்கும் அதில் சம்மதமில்லை.

எங்கள் குடியிருப்பின் உடற்பயிற்சிக் கூடத்தில் இரண்டு சைக்கிள்கள் இருக்கின்றன. ஒன்று, அகன்ற சீட்டும் உயர்ந்த கைப்பிடியும் கொண்ட சாதாரண உடற்பயிற்சி சைக்கிள். மற்றொன்று, முன்பக்கம் கனமான சக்கரம் கொண்ட ஸ்பின் பைக். இரண்டையும் ஓட்டிப் பார்த்ததில் ஒரு குழப்பம் ஏற்பட்டது. திரையில் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகம் எளிதாகக் காட்டுகிறது. சாலையில் 25-ஐத் தாண்டுவதற்கே நான் சிரமப்படுவேன். அதே வேளையில், உள்ளே அரை மணி நேரம் மிதித்த பிறகு சாலையில் இருப்பதைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறது, இதயத் துடிப்பும் ஏறிவிடுகிறது. வேகம் எளிதாக வருவதும் உடல் அதிகமாகக் களைப்பதும் எப்படி ஒன்றாக நிகழ முடியும்? இதை நம்பி இரண்டரை மாதத்தை ஓட்டிவிடலாமா?

பதில் 1: நெடுந்தூரப் பயணி

உங்கள் இரண்டு அனுபவங்களுக்கும் காரணம் காற்றுதான். சமதளத்தில் ஓரளவு வேகமெடுத்த பிறகு நாம் செலவிடும் சக்தியின் பெரும்பகுதி, எதிரே நிற்கும் காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. இந்தத் தேவை வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப உயர்வதால், 25-லிருந்து 30-க்குச் செல்லக் காற்றுக்காக மட்டும் சுமார் 70 விழுக்காடு கூடுதல் சக்தி தேவைப்படுகிறது. உடற்பயிற்சி சைக்கிளுக்கு முன்னால் அப்படித் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. பெடல் எத்தனை முறை சுற்றியது என்பதை வைத்து அந்தத் திரை ஒரு வேகத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறது. ஆகவே அதில் தெரியும் கிலோமீட்டரையும் கலோரியையும் பொருட்படுத்தாதீர்கள். நிமிடங்களையும், எவ்வளவு கடினமாக உழைத்தீர்கள் என்பதையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காற்று இல்லாததே உங்கள் மூச்சு வாங்குவதற்கும் காரணம். நம் தசைகள் எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 முதல் 25 விழுக்காடுதான் பெடலுக்குப் போய்ச் சேர்கிறது, மீதமெல்லாம் வெப்பம். பெடலில் 150 வாட் கொடுக்கும் ஒருவரின் உடல் 450 முதல் 600 வாட் வரை வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. சாலையில், நாம் ஓடும் வேகமே காற்றை உண்டாக்கி வியர்வையை உலர்த்துகிறது. மூடிய அறையில், அதுவும் மழைக்காலச் சென்னையின் ஈரப்பதத்தில், வியர்வை உலராமல் சொட்டுகிறது. தரையில் சொட்டிய வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. வெப்பத்தை வெளியேற்ற இரத்தம் தோலை நோக்கித் திருப்பப்படுகிறது, உடலின் நீரும் குறைகிறது. அதனால் அதே உழைப்புக்கு இதயம் வேகமாகத் துடிக்க வேண்டியதாகிறது. நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், ஒரு பெரிய பெடஸ்டல் ஃபேனை நெஞ்சுக்கு நேராக, முழு வேகத்தில் வைப்பது. ஏசியைவிட இதுவே பயனளிக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முட்டுக்காடு பாலத்தின் இறக்கத்திலும், சிக்னல்களிலும், குறுக்கே வரும் ஆட்டோவுக்காக வேகத்தைக் குறைக்கும்போதும் நம் கால்கள் ஓய்ந்திருக்கின்றன. உள்ளே அந்த ஓய்வு கிடையாது. ஆகையால் உள்ளே விடாமல் மிதித்த முக்கால் மணி நேரத்தை, சாலையில் ஒரு மணி நேரமாக நான் கணக்கு வைப்பதுண்டு. இது என் பழக்கமே அன்றி விதியன்று.

இதயத்தையும் கால்களையும் பொறுத்தவரை இந்தப் பயிற்சி முழுமையானது என்றே உறுதியாகச் சொல்வேன். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆஸ்திரேலிய சைக்கிள் வீரர் மேத்யூ ஹேமனுக்குப் பந்தயமொன்றில் கை எலும்பு முறிந்தது. சாலையில் ஓட்ட முடியாத அந்த வாரங்களில், அவர் வீட்டு கராஜில் ட்ரெய்னரில் (சைக்கிளை ஓரிடத்தில் நிலையாகப் பொருத்தி மிதிக்க உதவும் கருவி) மிதித்துத் தம்மைத் தயார்ப்படுத்திக்கொண்டார். அதே ஏப்ரலில், கருங்கல் பாவிய சாலைகளுக்குப் பெயர்போன பாரிஸ்–ரூபே பந்தயத்தில் பெல்ஜிய வீரர் டாம் போனனை வென்று முதலிடம் பெற்றார். ஆனால் அவருக்குப் பின்னால் பல்லாண்டுச் சாலை அனுபவம் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஏனெனில், 200 கிலோமீட்டர் பிரெவேயின் கால வரம்பு பதின்மூன்றரை மணி நேரம். நிறுத்தங்களையும் சேர்த்துச் சராசரியாக மணிக்கு 15 கிலோமீட்டர் போனாலே போதும். அதில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் மூச்சு போதாமல் தடுமாறுவதில்லை. கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கின்றன, சீட்டில் உட்கார முடியவில்லை, ஓட்டிக்கொண்டே உண்ணவும் குடிக்கவும் பழகவில்லை. இவற்றை எந்த இயந்திரமும் கற்றுத் தராது. ஆகவே வார நாள்களில் உள்ளே மிதியுங்கள். மழை ஓய்ந்த ஞாயிறு வாய்த்தால், நன்கு விடிந்த பிறகு, நான்கைந்து மணி நேரம் சாலையில் இருங்கள். அந்த மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால், மாமல்லபுரம் போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். போகும்போது கிடைத்த வேகத்தை நம்பி முழு பலத்தையும் செலவழித்துவிடாதீர்கள்.

பதில் 2: இயன்முறை மருத்துவர்

முழங்கால் வலியுடன் என்னிடம் வருகிறவர்களில், சீட்டின் உயரத்தைச் சரிபார்க்காமலே உடற்பயிற்சி சைக்கிளில் மிதித்தவர்கள் உண்டு என்பதால் இதை எழுதுகிறேன். பொதுக் கூடத்தில் உங்களுக்கு முன் ஓட்டியவர் வைத்த உயரத்திலேயே அமர்ந்துவிட வேண்டாம். குதிகாலைப் பெடலின் மேல் வைத்து அதைக் கீழ்நிலைக்குக் கொண்டுவாருங்கள்; அப்போது கால் நேராக நீண்டு, இடுப்பு ஒருபக்கம் சாயாமல் இருக்க வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் 25 முதல் 35 பாகை வரை மடிப்பு தானாகவே அமையும். முழங்காலின் முன்புறம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது. பின்புறம் இழுத்தால் உயர்ந்திருக்கிறது.

உங்கள் நோக்கத்துக்கு ஸ்பின் பைக்தான் ஏற்றது. அதில் சாலை சைக்கிளைப் போல முன்னால் குனிந்து அமரலாம். அகன்ற சீட் தொடையின் உட்புறத்தில் உராயும் தொல்லையும் இல்லை. ஆனால் பெரும்பாலான ஸ்பின் பைக்குகளில் கனமான சக்கரமும் பெடலும் நேராகப் பிணைக்கப்பட்டிருப்பதால், நீங்கள் நிறுத்தினாலும் பெடல் சுற்றிக்கொண்டே இருக்கும். வேகமாகச் சுற்றும்போது காலை வெடுக்கென எடுத்தால் கணுக்காலில் அடி விழும். எதிர்ப்பை (மிதிப்பதன் கடினத்தை) கூட்டும் குமிழை அழுத்தினால் அதுவே பிரேக்காகவும் வேலை செய்யும். ஏறும் முன் அதை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். மேலும், சாலையில் சைக்கிள் இடமும் வலமும் சற்று அசைவதால் உடலின் அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும். இங்கே அந்த அழுத்தம் ஒரே இடத்தில் நிற்பதால் உட்காரும் பகுதி மரத்துப்போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சீட்டைவிட்டு எழுந்து சிறிது நேரம் நின்று மிதியுங்கள்.

பதில் 3: மலைப்பாதை

பதில் 1-இல் சொல்லப்பட்டதை நான் பெரிதும் ஏற்கிறேன். ஆனால் இதை மழைக்கு மட்டுமான மாற்றாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சிறு குழந்தை உள்ள எனக்கு வார நாள்களில் விடிவதற்கு முன் கிடைக்கும் முக்கால் மணி நேரமே என்னுடையது. அந்த இருட்டில் ஒரு பெண் தனியாகச் சாலையில் இறங்குவதற்குத் தயங்கும் நிலைதான் இன்றும் இருக்கிறது. வீட்டில் இருக்கும் இந்த இயந்திரம் இல்லாவிட்டால் நான் சைக்கிள் ஓட்டுவதையே கைவிட்டிருப்பேன்.

சென்னையைச் சுற்றி நீண்ட மலையேற்றமும் கிடையாது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதைக்கு என்னை ஆயத்தப்படுத்தியது, எதிர்ப்பைக் கூட்டி வைத்து, நிமிடத்துக்கு அறுபது சுற்று என்ற நிதானத்தில் இருபது நிமிடம் இடைவிடாமல் மிதித்த பயிற்சியே. ஏறுவதற்கு அது போதுமானதாக இருந்தது. இறங்கும்போது எந்த வளைவில் எவ்வளவு பிரேக் பிடிப்பது என்பதை மட்டும் மலையில்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: அடையாற்றுக்காரன்

மூவருக்கும் மிக்க நன்றி. ஃபேன் வைத்துப் பார்த்தேன். அதே எதிர்ப்பில் துடிப்பு கண்கூடாகக் குறைந்திருக்கிறது. என் சொந்த சைக்கிளையே பொருத்தி ஓட்டும் ஸ்மார்ட் ட்ரெய்னர் வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன். அது இதைவிடச் சிறந்ததா?

பதில் 4: நெடுந்தூரப் பயணி

சிறந்ததுதான், உங்கள் சீட், உங்கள் கைப்பிடி, உங்கள் கியர் எல்லாம் அப்படியே இருக்கும், வாட் அளவும் ஓரளவு நம்பகமாகக் கிடைக்கும். ஆனால் விலை அதிகம். இந்த ஆண்டு ஸ்பின் பைக்கிலேயே தொடருங்கள்; டிசம்பரிலும் ஆர்வம் குறையாமல் இருந்தால் வாங்குங்கள். அப்படி வாங்கினால், கைப்பிடியின் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு மிதியுங்கள். வியர்வையின் உப்பு கைப்பிடிச் சுற்றுத் துணிக்குள் இறங்கி, கைப்பிடியைப் பிணைக்கும் போல்ட்டுகளை வெளியே தெரியாமல் அரித்துவிடும். ஒவ்வொரு நாளும் மிதித்து முடித்தவுடன் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். மாடிக் குடியிருப்பு என்றால் அடியில் தடித்த ரப்பர் விரிப்பும் வேண்டும். அதிர்வு கீழ்வீட்டுக்குத்தான் அதிகமாகக் கேட்கும்.