மறு: ‘மவுண்ட்’டுக்கு ‘ஏற்று’ வேண்டாம், ‘பொருத்து’ என்போம்

அனைவருக்கும் வணக்கம். லினக்ஸைத் தமிழாக்கும்போது ‘மவுண்ட்’டுக்கு, அதாவது ஒரு வட்டைக் கோப்புறை மரத்தில் சேர்த்துப் பயன்படுத்த வைப்பதற்கு, ‘ஏற்று’க்குப் பதில் ‘பொருத்து’ என்று வைக்கலாம் என்பது என் யோசனை. அதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘ஏற்று’ ஏற்கெனவே புழங்குகிறது. இனி மாற்றினால் குழப்பம்தானே?

புழங்குகிறது, சரி. புதிதாக வருபவருக்குப் புரிகிறதா என்பதுதான் என் கேள்வி. விண்டோஸிலிருந்து உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளுக்கு வருபவர் முதலில் தேடுவது சி, டி டிரைவ்களை. இங்கே அப்படி எழுத்துகள் கிடையாது. எல்லாம் ஒரே கோப்புறை மரம். எந்த வட்டும் அந்த மரத்தில் ஏதாவது ஒரு கோப்புறையில் வந்து சேர வேண்டும். உபுண்டுவில் பென்டிரைவைச் செருகினால் ‘மீடியா’ கோப்புறைக்குள், பயனர் பெயருக்குக் கீழே தெரியும். இதை ‘ஏற்று’ என்றால், அதிலிருந்த கோப்புகள் கணினிக்குள் வந்துவிட்டன என்றுதான் அவர் நினைப்பார். பதிவேற்றம், பதிவிறக்கம் என்று பழகிய காது அது. எதிர்ச்சொல்லாக ‘இறக்கு’ என்பது இன்னும் மோசம்.

‘இணை’ மின்னஞ்சலுக்கும் வலைக்கும் போய்விட்டது. ‘பூட்டு’ எனக்கு மிகவும் பிடித்தது. வண்டியில் மாட்டைப் பூட்டுவதும் அவிழ்ப்பதும் பொருளுக்குக் கச்சிதம். ஆனால் திரைப்பூட்டும் கடவுச்சொல்லும் உள்ள இடத்தில் ‘வட்டு பூட்டப்பட்டது’ என்று செய்தி வந்தால் ஆள் பதறிப்போவார்.

ஆகவே என் பரிந்துரை: பொருத்து (மவுண்ட்), கழற்று (அன்மவுண்ட், வட்டை மரத்திலிருந்து விடுவிப்பது), பொருத்துமிடம் (மவுண்ட் பாயிண்ட், வட்டு வந்து சேரும் கோப்புறை). லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின், 1971இல் வந்த முதல் கையேட்டிலேயே ‘மவுண்ட்’ கட்டளை உண்டு. அந்தக் காலத்தில் வட்டுத் தொகுதியை ஆள் கையால் தூக்கிவந்து கருவியில் பொருத்தத்தான் வேண்டியிருந்தது.

> ‘கழற்று’ என்றால் கையால் பிடுங்குவது என்று நினைக்க மாட்டார்களா?

நியாயமான கேள்வி. இந்த இடத்தில்தான் கோப்புகள் பறிபோகின்றன. நகலெடுப்பு முடிந்ததாகத் திரை காட்டினாலும், கடைசிப் பகுதி இன்னும் நினைவகத்திலேயே இருக்கலாம். லினக்ஸ் அதைச் சாவகாசமாகத்தான் வட்டில் எழுதும். கழற்றச் சொன்னால் மிச்சத்தையும் எழுதி முடித்துவிட்டு விடுவிக்கும். அதனால் கையால் எடுப்பதற்கு ‘உருவு’ என்று தனிச்சொல் வைப்போம்: ‘எழுதிக்கொண்டிருக்கிறது, உருவ வேண்டாம்.’ அப்புறம், ‘கழற்றியாயிற்று, இனி உருவலாம்.’ இரண்டும் வேறு வேலை என்பது படிக்கும்போதே விளங்குகிறது.

இன்னொரு செய்தியையும் சேர்த்துத் திருத்த வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொண்டு லினக்ஸ் நிறுவுவோர் பலர். விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயக்கத்தில் இருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் அது பாதி உறக்கத்தில்தான் கிடக்கும். அப்போது அதன் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) வட்டுப்பகுதியை லினக்ஸ் படிக்க மட்டும் அனுமதிக்கும், சில சமயம் திறக்கவே மறுக்கும். வட்டு கெட்டுவிட்டது என்று பயந்து ஃபார்மேட் செய்துவிடுவார்கள். ‘ஏற்றுதல் தோல்வி’ என்று மொட்டையாகச் சொல்லாமல் இப்படி எழுதலாம்:

‘இந்த வட்டுப்பகுதியைப் பொருத்த முடியவில்லை. விண்டோஸ் முழுதாக அணைக்கப்படவில்லை. அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டு, மீண்டும் அணைத்துவிட்டு வாருங்கள்.’

பொருத்திய வட்டையே மீண்டும் பொருத்தும் ‘ரீமவுண்ட்’டுக்கு ‘மறுபொருத்து’ வைத்திருக்கிறேன், ஆனால் நாக்கில் நிற்கவில்லை. அதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள். மற்ற மூன்றுக்கும் மறுப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம்.