நியூ ஆர்லியன்ஸ் பிராலின்: நம்பி வாங்க ஆன்லைனில் கடை இருக்கிறதா?

சிகாகோவில் இருக்கிறேன். மார்ச்சில் அம்மாவோடு நியூ ஆர்லியன்ஸ் போனபோது அங்குள்ள பழைய நகரப் பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரில் பீக்கன் பிராலின் (பீக்கன் என்ற கொட்டையைச் சர்க்கரைப் பாகில் போட்டுச் செய்யும் மிட்டாய்) சாப்பிட்டோம். கடித்ததும் பொலபொலவென்று உதிர்ந்து வெண்ணெயாய்க் கரைந்தது. அம்மா இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆன்லைனில் மூன்று இடத்தில் வாங்கிவிட்டேன். முதல் பெட்டி ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுத்தது. அது கார்ன் சிரப் (சோளப் பாகு) சேர்த்த டெக்சாஸ் வகை. ஜூலையில் வந்தது ஏழு நாள் வெயிலில் கிடந்து ஒட்டிப்போயிருந்தது. போன வாரம் வந்ததில் ஓரமெல்லாம் வெள்ளை பூத்து, பீக்கனில் சிக்கு வாடை. வீட்டிலும் கிண்டினேன். 238 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இறக்கியும் கிளறும்போதே கட்டிதட்டிவிட்டது.

அம்மா அக்டோபர் 20 அன்று மதுரை திரும்புகிறார். சர்க்கரை, கிரீம், வெண்ணெய், பீக்கன் போட்டு அன்றன்று கிண்டி, இரண்டே நாளில் சிகாகோவுக்கு அனுப்பும் கடை, நீங்களே வாங்கிச் சாப்பிட்டது, எது?